வெயிலில் காயவைத்து எடுத்த இருட்டு

கோடை தொடங்கும்போது நோட்டில் மூன்றே வரி எழுதி வைத்தேன்: ஒரு பாட்டு, ஒரு சட்டை, ஒரு எட்டுப் பக்கச் சிறுபுத்தகம். மூன்றும் கூடப் பிறந்தவை மாதிரி இருக்க வேண்டும். மூன்றையும் வீட்டிலேயே, கையால் செய்ய வேண்டும். டார்க் இண்டி என்று சொல்கிறார்களே, அந்த மூட்டம் போட்ட இசையைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். கேட்டதோடு சரி. ஒரு தடவையாவது உள்ளே இறங்கிப் பார்ப்போமே என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது ஒன்பது வாரம் ஆகிறது. பாட்டு முடிந்தது. சட்டையும் முடிந்தது, ஆனால் நான் நினைத்த நிறத்தில் இல்லை. புத்தகம் பாதியில் நிற்கிறது.

முதல் மூன்று வாரம்

கையில் இருந்தவை ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார், நண்பனிடம் இரவல் வாங்கிய பேஸ் கிட்டார், ஒரு மைக், லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள். நான்கு டிராக்குக்கு (தனித்தனி ஒலி அடுக்கு) மேல் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டேன். 1979இல் போர்ட்டாஸ்டூடியோ 144 என்று ஒரு கருவி வந்தது. சாதாரண கேசட்டிலேயே நான்கு டிராக் தனித்தனியாகப் பதிவு செய்யலாம். படுக்கையறையில் தனியாக உட்கார்ந்து பாட்டுப் போடும் பழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நான்குதான் இருக்கிறது என்றால் எதை விடுவது என்று யோசித்தே ஆக வேண்டும். லேப்டாப்பில் நாற்பது டிராக் திறந்துகொண்டே போகலாம், அதுதான் ஆபத்து.

ஏ மைனரில் ஆரம்பித்தேன். நமக்குப் பழகிய பெயரில் சொன்னால் நடபைரவியின் ஸ்வரங்கள். சோகம் வந்தது, இருட்டு வரவில்லை. ஒரு வாரம் தடவிய பிறகு ரிஷபத்தை மட்டும் அரைப்படி இறக்கிப் பார்த்தேன். பி இருந்த இடத்தில் பி ஃபிளாட். இப்போது அது தோடியின் ஸ்வரவரிசை. மேற்கத்திய இசையில் ஃப்ரிஜியன் என்பார்கள். கமகம் எதுவும் இல்லாமல் வெறும் கம்பியில் அந்த பி ஃபிளாட்டிலிருந்து ஏ-வுக்கு இறங்கும்போது, கதவை யாரோ மெதுவாகச் சாத்துவது போல இருக்கிறது. பாட்டு முழுக்க அதை மூன்றே இடத்தில்தான் வைத்திருக்கிறேன். நாலாவது இடத்திலும் வைத்துப் பார்த்தேன், பேய்ப்பட பின்னணி இசை ஆகிவிட்டது.

அடுத்த தவறு ரிவெர்ப், அதாவது செயற்கை எதிரொலி. இந்த வகை இசையில் எல்லாமே ஒரு காலி மண்டபத்துக்குள் ஒலிப்பது போல இருக்குமல்லவா, அதனால் பேஸ், கிட்டார், டிரம், குரல் எல்லாவற்றின் மேலும் ரிவெர்பை அள்ளிக் கொட்டினேன். கிடைத்தது சேறு. எது பேஸ், எது டிரம் என்று எனக்கே தெரியவில்லை. பிடித்த பாட்டுகளை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது: அவற்றில் ஏதாவது ஒன்று எப்போதும் ரிவெர்ப் இல்லாமல் காய்ந்து கிடக்கிறது, பெரும்பாலும் பேஸ். அது பக்கத்தில் நிற்பதால்தான் மற்றவை தூரத்தில் இருப்பது தெரிகிறது. ஆக பேஸிலிருந்து ரிவெர்பை முழுசாக எடுத்தேன். கிட்டாரின் ரிவெர்பில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினேன். டிரம்மில் ஹை-ஹேட் என்னும் ஜோடித் தட்டின் சத்தத்தைத் தூக்கி எறிந்தேன். வேகத்தை நிமிடத்துக்கு 120 தட்டிலிருந்து 92க்கு இறக்கினேன். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது. அந்த ஒரு நாளில் கற்றதை அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் கற்கவில்லை.

பேஸை மேல் ஃப்ரெட்டுகளில் வாசித்தேன். டார்க் இண்டிக்கு முன்னோடியான போஸ்ட்-பங்க் பாட்டுகளில் அடிக்கடி கேட்பதுதான்: பேஸ் மேலே ஏறி மெட்டைப் பாடும், கிட்டார் ஓரமாக நின்று நாலு ஸ்வரம் உதிர்க்கும். கூடவே கோரஸ் எஃபெக்ட். ஒலியை நகலெடுத்து, சில மில்லி நொடி தாமதப்படுத்தி, அந்தத் தாமதத்தையும் லேசாக ஆட்டி, அசலோடு கலப்பது அது. அளவாகப் போட்டால் தண்ணீருக்கடியில் இருந்து வருவது போல இருக்கும். கூடினால் கல்யாண ஆர்கெஸ்ட்ரா.

குரலுக்கு அலமாரிதான் ஸ்டூடியோ. தொங்கும் துணிகளுக்கு நடுவே தலையை விட்டுப் பாடினால் சுவரிலிருந்து எதிரொலி திரும்பாது. முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கில் உதட்டை நெருக்கிப் பாடினால் கீழ்ச்சுருதி தானாகத் தடிக்கும். என் மாதிரி மெல்லிய குரல்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். கோடையில் மின்விசிறியை அணைத்துவிட்டு அலமாரிக்குள் நின்று பாடுவது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை மட்டும் விவரிக்கப் போவதில்லை.

ஒரு டேக்கில் விசிறியை அணைக்க மறந்துவிட்டேன். அழிக்கப் போகும் முன், சும்மா விளையாட்டுக்கு, குரலில்லாத ஒரு துண்டை வெட்டி வேகத்தைப் பாதியாக்கினேன். வேகம் பாதியானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். இன்னொரு தடவை பாதி. விசிறியின் முனகல் இப்போது ஏதோ பெரிய இயந்திரம் தூக்கத்தில் மூச்சு விடுவது போல ஆகிவிட்டது. பாட்டின் முதல் இருபது நொடி அதுதான். இந்தப் பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான், அதை நான் வாசிக்கவே இல்லை!

நாலாவது வாரம், சட்டை

முதலில் எளிய வழி: கருப்பு டீ-சர்ட், அதன் மேல் பிளீச். கருப்புச் சாயம் வெளுத்தால் வெள்ளை வரும் என்று நினைத்திருந்தேன். துருப்பிடித்த ஆரஞ்சு வந்தது. மோசமில்லை, ஆனால் என் பாட்டின் நிறம் அது இல்லை. பிளீச்சோடு வினிகரைக் கலந்தால் வேலை நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கினால் போதும்.

அடுத்து சயனோடைப், வெயிலில் நீல அச்செடுக்கும் முறை. 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்டுபிடித்தது. அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர் கடற்பாசிகளை நேராகத் தாளில் வைத்து வெயிலில் அச்செடுத்துப் புத்தகமே போட ஆரம்பித்துவிட்டார். கேமரா தேவையில்லை, இருட்டறை தேவையில்லை. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம் 100 மில்லி தண்ணீரில், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம் இன்னொரு 100 மில்லியில். இரண்டையும் சம அளவு கலந்து துணியில் தடவ வேண்டும். சயனைடு என்ற பெயரைப் பார்த்துப் பயந்தேன். அதில் சயனைடு இரும்போடு இறுகக் கட்டுண்டு கிடப்பதால் நச்சு குறைவு. வலுவான அமிலம் பக்கத்தில் வரக்கூடாது, அவ்வளவுதான். கையுறை போட்டுக்கொண்டேன்.

பாலியெஸ்டரில் இது பிடிக்காது. பருத்தி, லினன் மாதிரி இயற்கை நூல்தான் வேண்டும். கோடைக்கு எப்படியும் அதுதானே சரி. நான் எடுத்தது ஒரு சைஸ் பெரிய, மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. வெயில் காலத்தில் அடர்நிறம் போடுகிறாயே, புழுங்காதா என்று என்னைக் கேட்காதவர்கள் இல்லை. 1980இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது. பாலைவனத்தில் பெடூயின் மக்கள் ஏன் கருப்பு அங்கி அணிகிறார்கள் என்பது கேள்வி. அங்கி கருப்போ வெள்ளையோ, உள்ளே இருப்பவரின் உடலுக்குப் போய்ச் சேரும் வெப்பம் ஒன்றுதான் என்று கண்டார்கள். கருப்புத் துணி கூடுதலாக இழுக்கும் வெப்பம் தோலை எட்டும் முன்பே போய்விடுகிறது. ஆனால் அது தொளதொள அங்கிக்குத்தான் பொருந்தும். உடம்பை ஒட்டிய கருப்பு டீ-சர்ட்டில் வெந்துபோவது உண்மை, அதை நானே பல கோடை அனுபவித்திருக்கிறேன். நிறத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம், அளவைப் பெரிதாக்கினால் போதும்.

சரி, சட்டைக்கு வருகிறேன். எதை மேலே வைத்து அச்செடுப்பது? இலை எல்லோரும் வைக்கிறார்கள். என்னிடம் ஓடாத பழைய கேசட் ஒன்று இருந்தது. உள்ளிருந்த நாடாவை உருவினேன். நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத பழுப்பு ரிப்பன், உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. இரவில் மங்கிய விளக்கில் ரசாயனம் தடவி உலரவிட்ட சட்டையின் மார்புப் பக்கத்தில் அதைச் சுருள் சுருளாகப் பரப்பி, உச்சி வெயிலுக்குக் கொண்டுபோனேன். இரண்டாவது நிமிடம் காற்று. நாடா மொத்தமும் எழுந்து ஆடி வேறு இடத்தில் படிந்தது. நல்ல வேளை, அது சோதனைத் துண்டுதான் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது சட்டையேதான். அவசரத்தில் ஒரு படச் சட்டத்தின் கண்ணாடியைக் கழற்றி மேலே வைத்து அழுத்தினேன். மஞ்சள் பச்சையாக இருந்த துணி கருநீலமாகி, பிறகு சாம்பல் பூத்த வெண்கல நிறத்துக்கு வந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டேன். மஞ்சள் கரைந்து ஓட, நீலம் எழுந்தது. காற்றில் அசைந்த கோடுகள் மட்டும் பேய் போல இரட்டையாக, பாதி வெளுத்து நின்றன. அந்தப் பாதி வெளுத்த கோடுகள்தான் சட்டையின் அழகு. திட்டம் போட்டுச் செய்திருந்தால் வந்திருக்காது.

ஆறாவது வாரம்

பத்து நாள் அந்தச் சட்டையோடு திரிந்தேன். பிறகு ஒரு நாள் அது சலவைத்தூளோடு வாஷிங் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது அப்படித் துவைக்கக் கூடாத சட்டை!"

"துவைக்கக் கூடாத சட்டையை எதுக்குடா அழுக்குக் கூடைல போட்ட?"

என்னிடம் பதில் இல்லை. சலவைத்தூளில் காரம் உண்டு. சயனோடைப்பில் வரும் பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. வெளியே வந்த சட்டை திட்டுத் திட்டாக மஞ்சள், நடுநடுவே நீலம், பழைய காயம் மாதிரி. இரண்டு நாள் அதைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் யோசித்தேன். நீலம் போய்விட்டது, ஆனால் இரும்பு இன்னும் நூலில்தான் இருக்கிறது. இரும்போடு தேயிலையில் இருக்கும் டானின் சேர்ந்தால் கருக்கும். பழங்காலத்தில் இறகு முனையில் தொட்டு எழுதிய இரும்பு மைக்கும் இதே வேதியியல்தான். எனவே மிச்சமிருந்த நீலத்தையும் சலவைச் சோடாக் கரைசலில் போட்டு வேண்டுமென்றே அழித்தேன். நன்றாக அலசினேன். ஒரு வாளி கடுந்தேயிலைச் சாற்றில், பால் சர்க்கரை இல்லாமல்தான், இரவு முழுக்க ஊறவைத்தேன். காலையில் தூக்கிப் பார்த்தபோது, கருப்புக்கு ஒரு படி முன்னால் நிற்கும் ஒரு பழுப்பு. வெள்ளைக் கோடுகளும் தேயிலைச் சாயம் ஏறி பிஸ்கட் நிறமாகியிருந்தன. கேசட் நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் என்ன நிறமோ அதேதான். அக்காவிடம் காட்டினேன். "இப்பதான் துவைக்கணும் போல இருக்கு" என்றாள்.

ஒன்பதாவது வாரம்

புத்தகம். ஒரே ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள். நடு இரண்டு கட்டங்களின் நீளத்துக்கு மட்டும் நடுக்கோட்டில் ஒரு வெட்டு. நீளவாக்கில் மடித்து இரு ஓரங்களையும் உள்நோக்கித் தள்ளினால் புத்தகமாகிவிடும். பசை, ஊசி எதுவும் வேண்டாம். உள்ளே பாட்டின் வரிகள், கடைசிப் பக்கத்தில் பாட்டைக் கேட்க ஒரு கியூஆர் குறி. படங்களை நகலெடுத்து, நகலை மறுபடி நகலெடுத்து, ஐந்தாறு தலைமுறை ஓட்டினேன். ஒவ்வொரு சுற்றிலும் சாம்பல் நிறங்கள் செத்து, கருப்பும் வெள்ளையும் மட்டும் மிஞ்சும். என் முகத்தை மூன்றாவது சுற்றில் நிறுத்திவிட்டேன், அதற்கு மேல் அடையாளம் தெரியவில்லை.

இருபது பிரதி திட்டம். இதுவரை ஏழு. அட்டை ஒவ்வொன்றும் தனித்தனியாக வெயிலில் எடுத்த சயனோடைப், அதனால்தான் தாமதம். போன வாரம் மேகம் வேறு.

முதல் அட்டையை எல்லோரும் பார்க்கட்டும் என்று ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தேன். தினமும் அடித்த வெயிலில் நீலம் வெளிறி, நாடாக் கோடுகள் மங்கிவிட்டன. நேற்று அதைக் கழற்றினேன். காரத்தில் போன நீலம் திரும்பாது. வெளிச்சத்தில் போன நீலம் இருட்டில் காற்றுப் பட வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். மேசை டிராயரில் போட்டு மூடியிருக்கிறேன், இன்று காலை எட்டிப் பார்த்தபோது மேல் ஓரம் மட்டும் லேசாக அடர்ந்திருந்தது.