பாட்டிலில் குமிழி நின்ற நாள்

நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து வார்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நெஞ்சிலிருந்து வரும் குழாய், கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டிலில் தண்ணீருக்கு அடியில் போய் முடியும். நோயாளியை இருமச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்ப்பேன். குமிழி வந்தால் உள்ளே இன்னும் காற்று கசிகிறது என்று அர்த்தம். ஐந்து நாள் தாண்டியும் நிற்காவிட்டால் எங்களுக்குக் கவலை பிடித்துக்கொள்ளும்.

வலது நுரையீரலின் மேல் மடலை, அதாவது மேல் பிரிவை, எடுத்த ஒரு பெரியவர் வலிக்குப் பயந்து இருமவே மாட்டார். இருமாவிட்டால் சளி தேங்கும், நிமோனியா வரும். நல்லபடியாக முடிந்த அறுவையைக் கெடுக்க அது ஒன்று போதும். தலையணையை மடித்து, தையல் மேல் வைத்து, அவர் கையாலேயே அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். இருமினார். கண் கலங்கிவிட்டது, கூடவே கெட்டியான சளியும் வந்தது. "இதுதாங்க ஐயா வேணும்" என்றேன்.

"பாதி நுரையீரலை வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்ட முடியும் சிஸ்டர்?" என்று ஒரு ராத்திரி கேட்டார். பாதியெல்லாம் இல்லை, ஐந்து மடல்களில் ஒன்றுதான் போயிருக்கிறது என்று விளக்கினேன். 1933-ல் அமெரிக்காவில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் இடது நுரையீரலையே முழுசாக எடுத்தார், அந்த நோயாளி அதற்கப்புறம் ஏறத்தாழ 30 ஆண்டு வாழ்ந்தார் என்றும் சொன்னேன். அந்த கிரஹாமே 1957-ல் நுரையீரல் புற்றுநோயில் இறந்ததைச் சொல்ல மனம் வரவில்லை.

இப்போது சின்னக் கட்டி என்றால் முழு மடலைக்கூட எடுக்கத் தேவைப்படுவதில்லை. 2022-ல் வெளியான ஜப்பானிய ஆய்வில், நுரையீரலின் ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டி இருந்தவர்களில், மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். முழு மடலை எடுத்தவர்களில் 91. ஆனால் அறுவை செய்த பக்கத்திலேயே நோய் திரும்புவது பகுதியை மட்டும் எடுத்தவர்களிடம் கூடுதல். அவ்வளவு சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்து வருகிறவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

ஆறாம் நாள் காலை பெரியவர் இருமினார். தண்ணீர் அசைந்தது, குமிழி இல்லை. இன்னொரு தடவை இருமச் சொன்னேன். இல்லை.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சுங்க ஐயா."

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறி வந்திருந்தார். விலாப்பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கிறதாம். "நடுவுல ஒரு தடவைதான் நின்னேன்" என்றார்.