மூன்று பிரம்பு, ஒரு மோட்டார் டியூப்

சுடும்போது துப்பாக்கியைத் தாங்கிப் பிடிக்கும் மூன்று கால் தாங்குகோல் ஒருவழியாக ஆடாமல் நிற்கிறது. கால் நுனி வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் மூன்று கம்பையும் மேலே சேர்த்துக் கட்டும் தலைக்கட்டு நினைத்தபடி வந்துவிட்டது. இதில் முக்கால்வாசி வேலை அந்தத் தலைக்கட்டுதான், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

கோல் பெரியப்பாவுக்கு. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், பழைய மரத்தை எடுத்துவிட்டு மறுநடவு நடந்த இடத்திலெல்லாம் செம்பனைக் கன்றுகள் இப்போதுதான் தலைதூக்குகின்றன. பன்றி வந்தால் நேரே குருத்தைத்தான் கடிக்கும். குருத்து போனால் கன்று போச்சு. பெரியப்பாவிடம் துப்பாக்கி உரிமமும் இருக்கிறது, வனவிலங்குத் துறை கொடுக்கும் பன்றி வேட்டை உரிமமும் இருக்கிறது. துப்பாக்கியை நான் தொடுவதில்லை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதில் விளையாட்டுக்கு இடம் கொடுக்காது, பெரியப்பாவும் கொடுக்க மாட்டார். என் வேலை கம்போடு சரி.

அவருடையது 12 போர் பம்ப் துப்பாக்கி, முன்கட்டையை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. சிதறு ரவை போடாமல் ஸ்லக் போடுகிறார். ஒற்றைக் குண்டு என்பதால் ரைஃபிள் மாதிரியே குறி பார்த்துத்தான் சுட வேண்டும். ஓரமாக அடிபட்ட பன்றி வாய்க்காலில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதைத் தேடிப் போகிறவர் பாடு ஆபத்து, அந்தப் பன்றி படும் பாடும் பாவம். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நின்றபடி துப்பாக்கியைப் பிடித்துக் காத்திருந்தால் கொஞ்ச நேரத்திலேயே இடது கை இறங்கிவிடுகிறது. பழைய பயிரில் மரத்தண்டில் சாய்ந்துகொள்வார். மறுநடவில் சாய ஒன்றுமே இல்லை.

ஒற்றைக் கால் மேல்கீழ் ஆட்டத்தை மட்டும் நிறுத்தும். இரண்டு கால் பக்கவாட்டு ஆட்டத்தையும் குறைக்கும், ஆனால் முன்னும் பின்னும் சாயும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் காட்டெருமை சுட்டவர்கள் பெருக்கல் குறியாகக் கட்டிய இரட்டைக் கம்பைத்தான் வைத்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து சுட்டார்கள், அதற்கு அது போதும். நின்று சுட மூன்று கால் வேண்டும். ஆப்பிரிக்காவில் வேட்டை வழிகாட்டிகள் தூக்கிக்கொண்டு நடப்பதும் டியூப் ரப்பரால் கட்டிய மூன்று கம்புதான். எங்கள் இடமோ படிக்கட்டு வெட்டிய மேடு. ஒரு கால் மேல் படியிலும் இரண்டு கால் கீழேயும் நிற்க வேண்டும் என்பதால் எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

மூங்கில் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்தேன். லேசானதுதான், ஆனால் உள்ளே வெற்றிடம் இருப்பதால் ஒன்றோடொன்று தட்டினால் டொக்கென்று கேட்கும். ஒழுங்காகப் பதப்படுத்தாவிட்டால் உளு அரித்து மாவாகக் கொட்டும். பிரம்பு அப்படியில்லை, உள்ளே நிறைந்த கட்டை. கைத்தடிக்குப் பேர்போன மலாக்கா பிரம்பு செமாம்பு வகை. எனக்குக் கிடைத்தது மனாவ் என்ற இன்னொரு வகை. 24 மில்லிமீட்டர் தடிமன், 170 சென்டிமீட்டர் நீளம், மூன்றும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்குகின்றன.

பிரம்பு வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாற்காலி செய்யும் கடைகளில் கிடைக்கும் மனாவ் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதை டீசல் கலந்த எண்ணெயில் காய்ச்சி எடுப்பார்கள். அந்த வாசனை லேசில் போகாது. பன்றிக்குக் கண் சுமார், மூக்கு பயங்கரம். அதனால் லாசா பக்கமிருந்து வரும் தெமியார் பழங்குடிக்காரர் ஒருவரிடம் பச்சைப் பிரம்பாகச் சொல்லி வைத்தேன். நல்ல மனிதர், வளைந்ததை அவரே ஒதுக்கிவிட்டு நேரானதாகக் கொண்டுவந்தார். கார் கொட்டகைக் கூரைக்கடியில் காற்றோட்டமாகக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தேன். மிச்சமிருந்த கோணலைக் கரி அடுப்பில் வாட்டி, பலகைத் துளையில் கொடுத்து நெம்பி, ஆறும்வரை அப்படியே பிடித்து நேராக்கியாயிற்று. வார்னிஷும் அடிக்கவில்லை, காரணம் அதே மூக்குதான்.

இப்போது தலைக்கட்டு. பலர் மூன்று கம்பிலும் துளை போட்டு 6 மில்லிமீட்டர் போல்ட் கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. போல்ட் ஒரே திசையில்தான் திறக்கும், படிக்கட்டு மேட்டில் ஒவ்வொரு காலும் தன் போக்கில் விரிய வேண்டும். துளை போட்ட இடத்தில் பிரம்பு பலம் இழக்கும். போதாக்குறைக்குக் கீச்சுச் சத்தம் வேறு. போல்ட் போட்ட ஒன்றைப் பெரியப்பா காதருகில் வைத்து விரித்துப் பார்த்துவிட்டு, "இந்தச் சத்தத்துக்கே பன்னி அடுத்த டிவிசனுக்குப் போயிரும்டா" என்றார்.

ஆகவே டியூப். மோட்டார் சைக்கிள் கடையில் பஞ்சரான டியூபைச் சும்மாவே கொடுப்பார்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, 2 சென்டிமீட்டர் அகலத்தில் சுருள் சுருளாக வெட்டினால் ஒரே நாடாவாக வரும். கத்தரிக்கோலை நடுவில் எடுக்காமல் ஓட்ட வேண்டும். ஓரத்தில் நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தாலும் இழுக்கும்போது அங்கேதான் கிழியும். பால்மரத்தால் பிழைத்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கட்டுக்கு இயற்கை ரப்பரைவிட டியூபில் வரும் பியூட்டில் ரப்பர்தான் மேல். இயற்கை ரப்பர் இழுத்தால் துள்ளும். பியூட்டில் மந்தமானது, ஆட்டத்தைத் தனக்குள் வாங்கி அடக்கிவிடும்.

பிரம்பின் தோலில் சிலிக்கா இருப்பதால் வழவழவென்று இருக்கும், கட்டு மெல்லக் கீழே நழுவும். மேல் நுனியிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே, கட்டு உட்காரும் இடத்தில் மட்டும் 80ஆம் எண் உப்புத்தாளால் தோலைத் தேய்த்தேன். மூன்று பிரம்பிலும் கணு ஒரே மட்டத்தில் வரும்படி வெட்டி, கணுவுக்குச் சற்று மேலே கட்டினேன். எடை அழுத்தினாலும் கணு தாங்கிக்கொள்கிறது.

மூன்றையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்து, நாடாவைப் பாய் முடைவதுபோல் மேலே, கீழே, மேலே என்று ஆறு சுற்று ஓட்ட வேண்டும். பிறகு கம்புகளின் இடைவெளியில் இரண்டிரண்டு குறுக்குச் சுற்று. சூட்சுமம் இழுவையில் இருக்கிறது. ரொம்ப இறுக்கினால் விரித்த கால்கள் தானே மடங்கிக்கொள்ளும். தளர்த்தினால் எடை ஏறும்போது கம்புகள் ஒன்றையொன்று தாண்டி வழுக்கும். நான் கம்புகளுக்கு நடுவே ஐஸ்கிரீம் குச்சியைச் செருகி, 10 சென்டிமீட்டர் நாடா 15 ஆகும் அளவுக்கு இழுத்துப் பின்னினேன். குச்சியை உருவிய பிறகுதான் குறுக்குச் சுற்று போட்டேன். அந்த 2 மில்லிமீட்டர் இடைவெளிதான் எல்லாம். நடுக்காலைப் பின்னால் தள்ளி மற்ற இரண்டையும் விரித்தால், மேலே கவட்டை தானாகத் திறந்து நிற்கிறது, சத்தமே இல்லை.

சோதனைக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. 1 அங்குல ஜிஐ பைப் 1.3 மீட்டர் வெட்டினால் ஏறக்குறைய 3 கிலோ, பம்ப் துப்பாக்கியின் எடைக்குப் பக்கத்தில் வரும். அதில் லேசர் பேனாவை டேப் போட்டு ஒட்டி, 20 மீட்டர் தள்ளியிருந்த சுவரில் அடித்துப் பார்த்தோம். பெரியப்பா வெறும் கையில் பிடித்தபோது புள்ளி 25 சென்டிமீட்டருக்கு அலைந்தது. இரண்டு காலில் அதில் பாதி. மூன்று காலில் 4 சென்டிமீட்டருக்குள் நின்றது, மூச்சு விடும்போது மட்டும் ஏறி இறங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பைப்பைக் கீழே வைக்கவும் மனமில்லை.

ரைஃபிள்காரர்களும் கவனிக்க வேண்டியது: குழாயை நேராகக் கவட்டையில் வைக்காதீர்கள். சுடும்போது குழாய் அதிரும், மரம் பட்டால் குண்டு போகும் இடம் மாறும். குழாய்க்கு அடியில் இருக்கும் முன்கட்டைதான் கவட்டையில் உட்கார வேண்டும். பம்ப் என்றால் முன்கட்டையைப் பிடித்த கை கவட்டையில் இருக்கட்டும், அடுத்த தோட்டாவுக்கு இழுக்கவும் வசதி.

மிச்சம் கால் நுனி. மருந்துக் கடையில் விற்கும் ஊன்றுகோல் ரப்பர் காய்ந்த மட்டைமேல் சத்தமில்லாமல் இருக்கிறது. ஆனால் மழை பெய்த களிமண்ணில் உறிஞ்சிக்கொண்டு, எடுக்கும்போது பச்சக் என்கிறது. ரப்பரின் அடியில் காற்றுப் போக ஓட்டை போடலாமா, அல்லது கழற்றிவிட்டுப் பிரம்பு நுனி பிளக்காமல் இருக்கச் செம்புக் குழாய் வளையம் மட்டும் போடலாமா என்று பார்க்கிறேன். குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் துண்டுக் குழாய் கிடைக்கும், கேட்டு வைத்திருக்கிறேன். இதற்கிடையில் மீந்த பிரம்பில் வரப்பில் உட்கார்ந்து சுட ஒரு மீட்டரில் இரட்டைக் கால் ஒன்றுக்கும் வெட்டி வைத்தாயிற்று. நாடா அதற்கும் போதும்.