சலங்கை முந்திக்கொண்டது

1993, யாழ்ப்பாணம். வாணி விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, காய்ச்சல் என்று அம்மாவிடம் சொன்னேன். தொட்டுப் பார்த்தவர், "காய்ச்சல் இல்லை, கள்ளம்" என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

காரணம் முந்தின வருடம். அதே விழா, அதே மண்டபம், பரதநாட்டியத்தில் முதலில் ஆடும் அதே அலாரிப்பு. கண், கழுத்து, தோள் வரைக்கும் வந்தவளுக்கு அதற்குமேல் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. முன்வரிசைச் சின்னப்பிள்ளைகள் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் ஓடிவிட்டேன். (இந்த மலரை வாசிக்கும் யாராவது அன்று சிரித்திருந்தால், மன்னித்துவிட்டேன். அநேகமாக.)

பயந்தவளை அலாரிப்புக்கு விடுவதே ஒரு கொடுமை என்பேன். அதில் கதை இல்லை, பாட்டு இல்லை. கிருஷ்ணனாகவோ யசோதையாகவோ மாறி ஒளிந்துகொள்ளவும் வழியில்லை. தலைக்குமேல் கைகூப்பி, அசையாமல் நின்று, முதலில் கண்ணை மட்டும் அசைக்க வேண்டும். நிற்கும்போதுதான் முழங்கால் நடுங்கும். முழங்கால் நடுங்கினால் சலங்கை கிலுங்கும். மிருதங்கம் தொடங்க முதலே என் பயத்தைச் சபைக்கு அறிவித்தது அந்தச் சலங்கைதான்.

போர் நடந்த அந்தக் காலத்தில் குண்டு போடும் பொம்மர் இரைந்தால் நாங்கள் அவ்வளவு பதறியதில்லை. வாங்கில் இருந்து எழும்பி, வரிசையாகப் பதுங்கு குழிக்குள் இறங்கி, அதற்குள்ளும் கதைத்துக்கொண்டிருப்போம். மேடையில் பதுங்கு குழி இல்லை.

நடன ரீச்சர் "பயப்பிடாத" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வேறு வேலை பார்த்தார். பழகும்போது திடீரென்று நிறுத்தி, "தோளிலிருந்து தொடங்கு" என்பார். பிறகு "முழுமண்டி" (முழங்காலை முழுதாக மடித்து இருக்கும் இடம்), பிறகு "கழுத்து". தொடக்கத்திலிருந்து மட்டும் ஆடத் தெரிந்தவள் இடையில் விட்டால் தொலைந்தாள் என்பது அவருடைய கணக்கு. எங்கே விட்டாலும் அங்கேயே பிடிக்கத் தெரிய வேண்டும்.

அப்புறம் சபையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். முதல்நாள் எங்கள் முற்றத்தில் அம்மம்மாவும் ஓர் ஆட்டுக்குட்டியும் மட்டும். அடுத்தநாள் பக்கத்து வீட்டார். பிறகு மாமரத்தடியில் முழு வகுப்பும். அதிலே இரண்டு பேரை வேண்டுமென்றே இருமவும் கதிரையை இழுக்கவும் விட்டிருந்தார். ஐந்தாறு நாளில் எனக்கு அலுத்துவிட்டது. பயத்துக்கு அலுப்பைப்போல மருந்து இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

விழாவன்று காலை ஒன்றும் இறங்கவில்லை. ஒரு துண்டு பனங்கட்டியும் வெறும் தேத்தண்ணியும்தான். காலுக்குக் குங்குமத்தைத் தண்ணியில் கரைத்துப் பூசினார்கள். திரைக்குப் பின்னால் நின்றபோது சலங்கை மறுபடி தன்பாட்டில் கிலுங்கத் தொடங்கியது. நான் குனிந்து அதைக் கையால் பொத்தினேன்.

"கையை எடு பிள்ளை. நடுங்கிற காலைச் சும்மா விடாத, வேலை குடு. தட்டு" என்றார் ரீச்சர்.

தெய்யா தெய். காலைத் தட்டும் தட்டடவு, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். மூன்றாம் காலத்தில் மூச்சு வாங்கியது, உள்ளங்கால் எரிந்தது, நடுக்கத்துக்கு இடமில்லாமல் போனது. திரை விலகும்போதும் கால் சூடாகவே இருந்தது.

கண், கழுத்து, தோள். கடந்துவிட்டேன். ஆனால் முழங்காலைப் பாதி மடித்து நிற்கும் அரைமண்டியில், ஓரிடத்தில் ரீச்சர் சொல்லும் தாளச் சொல்லும் என் காலும் பிரிந்தன. ஒரு கணம்தான். உடனே தாளம் தட்டும் ரீச்சரின் தட்டுக்கழி அதே வரியைத் திரும்ப எடுத்தது. நானும் அதோடு சேர்ந்து முடிவுவரை போய்விட்டேன். 1990 இல் நின்ற மின்சாரம் வராததால் கசற் போட்டு ஆடும் பேச்சே அப்போது இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. கசற்றாக இருந்திருந்தால் எனக்காகத் திரும்பி வந்திருக்குமா?

அந்தச் சலங்கை, போரால் ஊரே வெளியேறிய 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. கனடா வந்தபின் நான் ஆடவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்காக ரீச்சருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது மனதில் கிடந்தது. இந்தக் கட்டுரை எழுதத் தொடங்கியபோது ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார், குரலில் அதே அதட்டல்.

"நீ எங்கை பிள்ளை விட்டனி? நானெல்லோ சொல்லை விட்டிட்டன். விட்ட இடத்தைத் திரும்பப் பிடிக்கும்வரைக்கும் நீ அரைமண்டியிலை அசையாமல் நிண்டாய். எனக்கெல்லோ அண்டு நெஞ்சிடி."

"இல்லை ரீச்சர், என்ரை கால்தான் பிசகினது."

"சும்மா இரு."

மிருதங்கம் வாசித்த அண்ணா இப்போது நோர்வேயில் இருக்கிறாராம். மலர் அவர் கைக்குக் கிடைத்தால், அன்று பிழைவிட்டது யார் என்று ஒரு வரி எழுதிப் போடட்டும்.