டோர் ரிலே வரைபடம்: புள்ளி வைப்பதற்கு முன்

டோர் என்பது இணையப் போக்குவரத்தைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்பும் வலையமைப்பு. அந்த இடைக் கணினிகள்தான் ரிலேக்கள். அவற்றின் ஐபி முகவரிகள் ரகசியமல்ல. ரிலேக்களின் கணக்கை வைத்திருக்கும் டைரக்டரி அத்தாரிட்டி சர்வர்கள் மணிக்கொரு முறை வாக்களித்து, கன்சென்சஸ் என்ற ரிலே பட்டியலை எல்லோருக்கும் வெளியிடுகின்றன. டோர் மறைப்பது யார் எங்கே போகிறார் என்பதைத்தான். ஆகவே ரிலேக்களைத் தாராளமாக வரைபடத்தில் போடலாம். அந்தப் பட்டியலில் வராத நுழைவு ரிலேக்களான பிரிட்ஜ்களை மட்டும் தொடாதீர்கள். டோருக்குத் தடை உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் வாசல். பொதுத் தரவில் அவற்றின் முகவரி 10 என்று தொடங்கும் போலி எண்ணாகவே இருக்கும்; அது அப்படியே இருக்கட்டும்.

கன்சென்சஸ் கோப்பை நாமே பிரித்து மெனக்கெட வேண்டாம். டோர் திட்டத்தின் ஆனியனூ சேவை அதை நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசன் வடிவிலேயே தருகிறது. முழு ஆவணமும் பெரிது என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ரிலேக்களை மட்டும், அதிலும் முகவரி, நாடு, ஏஎஸ் எண் (முகவரி எந்த நிறுவனத்தின் நெட்வொர்க்கில் உள்ளது என்பது), கன்சென்சஸ் வெயிட் (ரிலே தேர்வாவதைத் தீர்மானிக்கும் எடை), எக்ஸிட் நிகழ்தகவு (வெளியேறும் கடைசி ரிலேவாக அமையும் வாய்ப்பு) ஆகிய ஃபீல்டுகளை மட்டும் கேளுங்கள். மணிக்கு ஒரு தடவை போதும்.

ஊர் அளவில் இடம் வேண்டுமென்றால் ஐபி முகவரிக்கு இடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் நிறுவனத்தின் ஜியோலைட்2 சிட்டி தரவுத்தளத்தில் தேடலாம். 2019 டிசம்பர் 30 முதல் கணக்குத் தொடங்கித்தான் இறக்க முடியும். சிக்கலே இங்குதான். ஊர் தெரியாத முகவரிக்கும் அது ஏதோ ஒரு புள்ளியைக் கொடுத்துவிடும். அமெரிக்காவுக்கு முன்பு 38, -97 என்ற புள்ளியை வைத்திருந்தார்கள். அது கன்சாஸில் பாட்வின் அருகே ஒரு பண்ணை வீட்டில் போய் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளுக்கு அந்த ஒரே இடம். யாரோ செய்த குற்றத்துக்குப் போலீஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டியது. 2016-ல் விஷயம் வெளியே வந்த பிறகு புள்ளியை ஓர் ஏரிக்குள் நகர்த்தினார்கள். அதனால் ஒவ்வொரு பதிவிலும் துல்லிய ஆரம் (புள்ளி எவ்வளவு தூரம் தவறியிருக்கலாம் என்பது) என்ற ஃபீல்டைப் பாருங்கள். 1000 கிலோமீட்டர் என்று இருந்தால் அங்கே புள்ளி வைக்காதீர்கள். நாட்டின் கணக்கில் மட்டும் சேருங்கள்.

அடுத்த தவறு மிகச் சாதாரணமானது. வரைபடத் தரவு வடிவமான ஜியோஜேசனில் தீர்க்கரேகை முதலில் வரும். வரைபடம் வரையும் லீஃப்லெட் நிரலகத்தில் அட்சரேகை முதலில். மாற்றிப் போட்டால் ஃபிராங்க்ஃபர்ட் ரிலேக்கள் (50.11, 8.68) சோமாலியாவின் கிழக்குக் கரையோரம் குவிந்து நிற்கும். இடம் கிடைக்காததைப் பூஜ்யமாக நிரப்பினால் எல்லாம் கினி வளைகுடாவில் மிதக்கும்.

முகவரியின் பதிவு ஒரு நாட்டிலும் சர்வர் பெட்டி வேறு நாட்டிலும் இருப்பதுண்டு. செஷல்ஸ் என்று காட்டும் முகவரி ஆம்ஸ்டர்டாமிலிருந்து 5 மில்லிசெகண்டில் பதில் சொன்னால், அது செஷல்ஸில் இல்லை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். போய் வர 5 மில்லிசெகண்டு என்றால் அதிகபட்சம் 500 கிலோமீட்டர் தொலைவு. செஷல்ஸ் 7,000 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் பதில் தாமதமாக வந்தால் அது எதையும் நிரூபிக்காது. சுற்றுவழியில் போயிருக்கலாம், நெரிசலாக இருக்கலாம்.

எல்லா ரிலேக்கும் ஒரே அளவுப் புள்ளி வைப்பதை நான் ஏற்க மாட்டேன். டோர் கிளையன்ட், அதாவது பயனரின் டோர் மென்பொருள், ரிலேவைத் தேர்ந்தெடுப்பது கன்சென்சஸ் வெயிட் என்ற எடையைப் பார்த்து. அந்த எடைக்கு ஏற்ப வட்டத்தின் பரப்பு இருக்க வேண்டும். ஆரத்துக்கு எடையின் வர்க்கமூலத்தை எடுங்கள், நேராகப் பெருக்கினால் பெரிய ரிலே பூதாகரமாகத் தெரியும். கூடவே ஏஎஸ் வாரியாக ஒரு கூட்டுத்தொகை போடுங்கள். முகவரியின் முதல் இரண்டு எண்கள் ஒன்றாக உள்ள ரிலேக்களையும், ஒரே குடும்பம் (ஒருவரே நடத்துபவை) என்று அறிவித்துக்கொண்டவற்றையும் டோர் ஒரே சர்க்யூட்டில், அதாவது ஓர் இணைப்பு கடக்கும் ரிலே வரிசையில், சேர்க்காது. நாட்டையோ ஹோஸ்டிங் நிறுவனத்தையோ அது பார்ப்பதில்லை. நுழைவும் வெளியேற்றமும் ஒரே நிறுவனத்தின் கையில் விழ எவ்வளவு வாய்ப்பு என்பது அந்தக் கூட்டுத்தொகையில்தான் தெரியும்.