பேச்சு முடிந்த பிறகு வந்த பாம்புகள்

நாற்பது நிமிஷப் பேச்சுக்கு ஒரு வாரம் தயார் செய்தேன். அப்புறம் வரப்போகும் கேள்விகளைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஊர் நூலகத்தில் பாம்புக்கடி பற்றிய கூட்டம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான், அது விஷம் ஏற்றிய குதிரையின் ரத்தத்திலிருந்து வருகிறது, அதற்கான விஷத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினர் எடுத்துத் தருகிறார்கள், சாரையும் நல்ல பாம்பும் இணைசேராது என்றெல்லாம் சொல்லி முடித்தேன்.

முதலில் எழுந்தவர் ஒரு பெரியவர். "சாரையும் நல்ல பாம்பும் பின்னிக்கிட்டு ஆடுறத என் கண்ணால பாத்திருக்கேன். ரெண்டும் சேராதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அது மூடநம்பிக்கைங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். சபையில் அவரைப் பொய்யராக்கிய மாதிரி ஆகிவிட்டது. முன்வரிசை முகமெல்லாம் இறுகிப்போனது. மேடையை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் போனேன்.

"நீங்க பாத்ததச் சொல்லுங்க ஐயா. ஏதாவது ஒண்ணு படம் எடுத்துச்சா?"

"இல்ல. ஆனா ஒண்ணு மஞ்சள், ஒண்ணு கறுப்பு."

சாரையிலேயே மஞ்சளும் உண்டு, கறுப்பும் உண்டு. இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டும்போது அப்படித்தான் பின்னிக்கொண்டு நிமிரும் என்றேன்.

"அப்ப நான் பாத்தது நெசந்தான்?"

"நெசந்தான் ஐயா. ஆளுதான் வேற."

அவரே முதலில் சிரித்தார். அதற்கப்புறம்தான் மற்ற கைகள் உயர்ந்தன. கேள்வி கேட்பதாக எழுந்து தனிப் பேச்சே நிகழ்த்திய ஒருவரும் உண்டு. அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நன்றி சொல்லி உட்கார வைத்தோம்.

பெண்கள் யாரும் மைக்கை வாங்கவில்லை. நூலகர் துண்டுச் சீட்டுகளைக் கொடுத்தனுப்பினார். அன்றைய நல்ல கேள்விகள் அதில்தான் வந்தன. 'தரையில்தான் படுக்கிறோம். கட்டுவிரியன் கடித்தால் வலியே தெரியாதாமே, என்ன செய்வது?' கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள் என்றேன். பேச்சில் இதைச் சொல்லவே மறந்திருந்தேன்.

கடைசிச் சீட்டு: 'ராத்திரியில் கடித்தால் எங்கள் ஊரிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது?'

நான் வெளியூர்க்காரன். "எனக்குத் தெரியாது, இங்கே யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து கிராம செவிலியர் எழுந்தார். மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன்.