மைகார்ட் அடையாள அட்டையில் ‘இஸ்லாம்’ நீங்கும் வரை: மலேசிய ஷரியா நீதிமன்ற அனுபவம்

ஷரியா (இஸ்லாமியச் சட்ட) நீதிமன்றத்தின் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்காக மதம் மாறி, அந்தக் கல்யாணமும் முறிந்து, இப்போது எந்த மதத்திலும் நம்பிக்கை இல்லை என்று சொல்லும் என் தங்கை இனிச் சட்டப்படி முஸ்லிம் இல்லை. இதே நிலையில் மாட்டிக்கொண்டு நிற்கும் தமிழ்க் குடும்பங்கள் மலேசியாவில் பல. எங்கெங்கே இடறும் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

வக்கீலைத் தேடிப் போவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துவிட வேண்டும். “நான் என்றைக்குமே முஸ்லிமாக இருந்ததில்லை” என்பது உங்கள் வழக்கா, “முஸ்லிமாக இருந்தேன், இப்போது இல்லை” என்பதா? கேட்க ஒன்று போலத் தோன்றும். ஆனால் முதலாவது சிவில் உயர்நீதிமன்றத்துக்குப் போகும், இரண்டாவது ஷரியா உயர்நீதிமன்றத்துக்குப் போகும். அரசியல் சாசனத்தில் 1988-இல் சேர்த்த 121(1ஏ) பிரிவு, ஷரியாவின் அதிகாரத்துக்குள் வரும் விஷயங்களில் சிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்கிறது. எது எதன் அதிகாரம் என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ரொஸ்லிசா இப்ராஹிம் என்ற பெண்ணின் வழக்கில் 2021 பிப்ரவரி 5-ஆம் தேதி தெளிவாக்கியது. அவருடைய தாய் பௌத்தர், தந்தை முஸ்லிம், இருவருக்கும் திருமணம் நடந்ததற்கு ஆதாரமே இல்லை. ஆகவே அவர் பிறப்பிலிருந்தே முஸ்லிம் அல்ல, அதை விசாரிக்கும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்துக்கு உண்டு என்று தீர்ப்பானது. திருமணப் பதிவோ மதமாற்றப் பதிவோ தங்களிடம் இல்லை என்று மத இலாகாக்கள் எழுதிக் கொடுத்த கடிதங்கள் அந்த வழக்கில் பெரிதும் உதவின. உங்கள் வழக்கும் அந்த ரகம் என்றால் அத்தகைய கடிதங்களைத்தான் முதலில் திரட்டுங்கள்.

மதமாற்றப் பதிவேட்டில் பெயர் ஏறியவருக்கு அந்த வாசல் கிட்டத்தட்ட மூடிவிட்டது என்றே கொள்ளுங்கள். சிலாங்கூரின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவேட்டில் ஏறிய முஅல்லாஃப், அதாவது இஸ்லாமுக்கு மாறியவர், எல்லாக் காலத்துக்கும் முஸ்லிமாகவே கருதப்படுவார் என்று எழுதி வைத்திருக்கிறது. இஸ்லாமை ஏற்கும் உறுதிமொழியான கலிமாவைத் தானே சொல்லவில்லை, அதன் பொருள் தெரியாது, வயது போதாது, சம்மதம் இல்லை என்று மதமாற்றமே செல்லாது எனக் காட்ட முடிந்தால் மட்டும் கதை வேறு. மலேசிய இந்துப் பெண் இந்திரா காந்தியின் பிள்ளைகளுக்குக் கொடுத்த மதமாற்றச் சான்றிதழ்கள் 2018 ஜனவரி 29-ஆம் தேதி ரத்தானது அந்த வழியில்தான். என் தங்கை விவரம் தெரிந்த வயதில், தானே கையெழுத்துப் போட்டு மாறியவள். அதனால் எங்களுக்கு ஷரியா வாசல் ஒன்றுதான்.

இது தெரிந்தும் எங்கள் முதல் பிரமாணப் பத்திரத்தைத் தயாரித்த அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? மூன்றாம் பத்தியில் “ஒருநாளும் இஸ்லாமை ஏற்கவில்லை” என்ற வரி, ஏழாம் பத்தியில் “இஸ்லாமை விட்டு வெளியேற அனுமதி கோருகிறேன்” என்ற வரி. வேறு யாருடைய வழக்கிலிருந்தோ எடுத்து ஒட்டியது. மனுவைப் பெறும் இடத்தில் இருந்தவர் இரண்டு வரிகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டிய பணம் திரும்பி வரவில்லை. பத்திரம் மலாயில் இருக்கும் என்பதால் “வக்கீல் பார்த்துக்கொள்வார்” என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு பத்திக்கும் அர்த்தம் கேளுங்கள். இரண்டு வாசலுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிய பத்திரம் இரண்டிலும் தோற்கும்.

இன்னொரு வீண் செலவு சத்தியப் பிரமாணம். சத்தியப் பிரமாணக் கமிஷனர் முன்னால் கையெழுத்திட்டு முத்திரை வாங்கிக்கொண்டு, அடையாள அட்டை தரும் பதிவு இலாகாவுக்குப் போனால் போதும் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெயர் மாற்ற அது உதவலாம், மதத்தை நீக்க உதவாது. இஸ்லாமை விட்டுக் கிறிஸ்தவரான லீனா ஜோயின் வழக்கு எதற்காக நடந்தது? புதுப் பெயர் அட்டையில் ஏறியது, ‘இஸ்லாம்’ மட்டும் போகவில்லை. ஷரியா உத்தரவு வேண்டும் என்று இலாகா கேட்டது சரிதான் என்று 2007 மே 30-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும். அவர் எழுதியதைப் படித்தால் மனம் ஆறும், ஆனால் கவுண்டரில் அது செல்லாது.

எந்த மாநிலம் என்பது அடுத்த சிக்கல். இஸ்லாமிய விவகாரம் மாநிலச் சட்டம் என்பதால் ஆளுக்கு ஆள் வழி மாறும். நெகிரி செம்பிலானில்தான் நடைமுறையைப் படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள்: 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு. சிலாங்கூரில் “இன்னார் இனி முஸ்லிம் அல்ல” என்று அறிவிக்கும் அதிகாரம் ஷரியா உயர்நீதிமன்றத்துக்கு உண்டு என்று ஒரு வரியில் மட்டும் இருக்கிறது. மலாக்காவில் மதம் விட நினைப்பவரை மத மறுவாழ்வு மையத்தில் ஆறு மாதம் வரை அடைத்து வைக்க வழி இருக்கிறது. ரேவதி மசூசாயை மறந்துவிடாதீர்கள். பாட்டி வளர்ப்பில் இந்துவாகவே வளர்ந்தவர். 2007 ஜனவரியில் தன் பதிவைத் திருத்தக் கேட்டு அவராகவே மலாக்கா ஷரியா நீதிமன்றத்துக்குப் போனார். அங்கிருந்தே பிடித்து உலு யாம் மையத்துக்கு அனுப்பினார்கள். முதலில் 100 நாள், பிறகு நீட்டித்து 180 நாள். அந்தக் காலத்தில் அவருடைய கைக்குழந்தையும் பறிபோனது. மனுக் கொடுக்கப் போகும் மாநிலத்தில் தடுப்புக் காவலோ, மதம் விடுவதற்குத் தண்டனையோ சட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் நீதிமன்றப் படி ஏறாதீர்கள். அபராதமும் சிறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கூட்டரசுச் சட்டம் ஷரியாவுக்கு வைத்த மேல் எல்லை மூன்று ஆண்டு சிறை, 5,000 ரிங்கிட் அபராதம், ஆறு பிரம்படி.

வசிக்கும் மாநிலத்தில்தான் மனு. எங்களுக்கு ஒரு முழு நாள் இதில் போனது. மைகார்டில் பழைய விலாசம். அதைப் பார்த்த குமாஸ்தா, “அலாமாட் நெகிரி லாயின், தக் போலே” என்று சொல்லிக் கோப்பை நகர்த்தி வைத்துவிட்டார். வேறு மாநில விலாசம், முடியாது. வாடகை ஒப்பந்தம், தண்ணீர் பில், முதலாளியின் கடிதம் எதையும் அவர் தொடக்கூட இல்லை. அதனால் விலாசத்தை முதலில் மாற்றிவிடுங்கள். அது சாதாரண வேலை, யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

ஷரியா வழக்கறிஞர் முஸ்லிமாகத்தான் இருக்க முடியும். கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் முஸ்லிம் அல்லாத ஒரு வழக்கறிஞர் அனுமதி கேட்டு நடத்திய வழக்கும் 2016 பிப்ரவரியில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றது. ஆகவே தன் நம்பிக்கையை நீங்கள் விட்டு விலகுவதற்காக ஒரு முஸ்லிம் வக்கீல் வாதாட வேண்டும். பலர் மறுப்பார்கள், அது அவர்கள் உரிமை. ஆலோசனைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பிறகு “வீட்டில் பேசினேன், வேண்டாம் என்கிறார்கள்” என்று விலகுபவர்கள்தான் ஆளைக் கொல்கிறார்கள். பணம் கொடுக்கும் முன் நேராகக் கேளுங்கள்: இந்த வகை மனுவை இதற்கு முன் கையாண்டதுண்டா, தீர்ப்பு வரை வருவீர்களா? எங்களுக்குக் கடைசியில் கிடைத்த அம்மையார் தொழுகை தவறாதவர். “உங்க தங்கச்சி பொய்யா முஸ்லிமா இருக்கிறதவிட உண்மையைச் சொல்லிட்டுப் போறது மேல்” என்றார். அவருக்கு நாங்கள் ஆயுளுக்கும் கடன்பட்டவர்கள்.

பிரமாணப் பத்திரத்தில் நாத்திகர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இந்து மதத்துக்கோ பௌத்தத்துக்கோ திரும்புகிறவர் கோயில் நிர்வாகத்திடம் கடிதம் வாங்கலாம், வீட்டுப் பூஜை மாடத்தைப் படமெடுத்து இணைக்கலாம். எந்த மதமும் இல்லை என்பவருக்கு யார் கடிதம் கொடுப்பது? “நம்பிக்கை இல்லை” என்பதற்கு ஆவணம் கிடையாது. கிடைப்பதெல்லாம் முஸ்லிமாக வாழவில்லை என்பதற்கான சான்று. 2008 மே 8-ஆம் தேதி பினாங்கு ஷரியா உயர்நீதிமன்றம் சித்தி ஃபாத்திமா டான் அப்துல்லா என்ற பெண்ணுக்கு இஸ்லாமை விட அனுமதி தந்தபோதும் அவர் ஒருநாளும் இஸ்லாமிய முறைப்படி வாழவில்லை, மத மன்றம் அவருக்கு வழிகாட்டவும் தவறியது என்பவைதான் எடை பெற்றன. எங்கள் தரப்பில் அக்கம்பக்கத்தார், வேலையிடத்துத் தோழிகள் ஆகியோரின் பத்திரங்களை வைத்தோம். அதில் ஒருவர் முஸ்லிம். அவர் சொன்னதைத்தான் நீதிபதி திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஏன் நம்பவில்லை என்று விளக்கப் போகாதீர்கள். குர்ஆனில் இது தவறு, நபி பற்றி அது தவறு என்று ஒரு வரி எழுதினாலும் உங்கள் மனு இன்னொரு வழக்குக்கு ஆதாரமாகிவிடும். இஸ்லாமை இழிவுபடுத்துவது கூட்டரசுப் பிரதேச ஷரியாக் குற்றச் சட்டத்தில் 3,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். மாநிலங்களிலும் இதே வகைப் பிரிவுகள் உண்டு. “எனக்கு இந்த நம்பிக்கை இல்லை. இருப்பதாக நடிக்க விரும்பவில்லை” என்பதோடு நிறுத்துங்கள். தங்கை எல்லா அமர்விலும் இதே இரண்டு வாக்கியத்தைத்தான் சொன்னாள்.

இனி ஆலோசனை அமர்வுகள். நெகிரி செம்பிலானின் 119-ஆம் பிரிவுப்படி நீதிபதி முதலில் தவ்பா செய்யச் சொல்வார், அதாவது மனம் வருந்தி இஸ்லாமுக்கே திரும்பச் சொல்வார். மறுத்தால் விசாரணையை 90 நாள் ஒத்திவைத்து ஆலோசனைக்கு அனுப்புவார். அதற்குப் பிறகும் மனம் மாற வாய்ப்பிருக்கிறது என்று கருதினால் இன்னும் ஓராண்டு வரை நீட்டிக்கலாம். அமர்வுகளை நடத்திய உஸ்தாசா (மத ஆசிரியை) மரியாதையாகவே பேசினார். ஆபத்து பேச்சில் இல்லை, தாளில் இருக்கிறது. ஓர் அமர்வின் முடிவில் வருகைப் பதிவோடு சேர்த்து இன்னொரு தாளும் மேசைக்கு வந்தது. ஒரே எழுத்து, ஒரே அளவு, கீழே கையெழுத்துக் கோடு. அதன் நடுவில் ‘பெர்தவ்பாத்’ என்ற சொல். கையெழுத்திட்டிருந்தால் தவ்பா செய்ததாகப் பதிவாகி மனு அத்தோடு முடிந்திருக்கும். தங்கை படித்துப் பார்த்துவிட்டு அமைதியாகத் திருப்பி வைத்தாள். மொத்த நடைமுறையிலும் எனக்குப் பெருமையாக இருக்கும் இடம் இதுதான். வருகைத் தாளின் நகலை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். ஆலோசகரின் அறிக்கை நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் விசாரணை தள்ளிப்போகும். எங்களுக்குப் போனது. “அமர்வுக்கே வரவில்லை போலிருக்கிறதே” என்று கேட்கப்பட்டபோது காப்பாற்றியது அந்த நகல்கள்தான்.

அறிவிப்பு தருவதற்கு முன் நீதிபதி வேறு சிலவற்றைத் தீர்க்க வேண்டும்: திருமணம், கூட்டாகச் சேர்த்த சொத்து, வாரிசுரிமை, பிள்ளையின் காப்பாளர் உரிமை, பிள்ளை யாரிடம் வளர்வது. மணமுறிவுச் சான்றிதழ் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தோம். பிள்ளை யாரிடம் வளர்வது என்பதற்கான ஹதானா உத்தரவின் முத்திரையிட்ட நகல் இல்லை. அதற்கு மறுபடி தேதி. இவற்றை மனுவோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.

இதெல்லாம் மதம் மாறியவர்களுக்கு. பிறப்பால் முஸ்லிமான ஒருவர், அதிலும் மலாய்க்காரர், நாத்திகராகி இதே வழியில் போகலாமா என்று கேட்டால் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாசனத்தின் 160-ஆம் பிரிவு மலாய்க்காரர் என்பதற்கான விளக்கத்திலேயே இஸ்லாமை வைத்திருக்கிறது. அதைக் காட்டித்தான் 2001-இல் உயர்நீதிமன்றம் லீனா ஜோயின் மனுவைத் தள்ளியது. 2008 மார்ச்சில் கமரியா அலிக்குத் திரங்கானுவில் மதம் விட்டதற்காக இரண்டு ஆண்டு சிறை. 2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நாத்திகர்கள் கூடி எடுத்த ஒரு படம் வெளியானதும், இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஓர் அமைச்சரே பேசினார். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் முஸ்லிம்கள் உண்டா என்று விசாரணை கிளம்பியது. நண்பர்கள் கூட்டத்தில் படம் வேண்டாம், எடுத்தாலும் யாரையும் அடையாளம் காட்டிப் பதிவிட வேண்டாம். உங்களுக்கு ஆபத்து இல்லாத படம் பக்கத்தில் நிற்பவரின் வேலையைப் பறிக்கலாம்.

உத்தரவு வந்தால் பதிவு அலுவலக வேலை மளமளவென்று முடிந்துவிடும், ஆனால் உத்தரவில் எழுத்துப் பிழை இருக்கக் கூடாது. முஸ்லிம் பெயர், பழைய பெயர், 12 இலக்க எண் மூன்றையும் நீதிமன்றத்தை விட்டு வெளியே வரும் முன் சரிபாருங்கள். பழைய பெயருக்குத் திரும்புவது தனி விண்ணப்பம், மத நீக்கத்தோடு தானாக வராது. புது அட்டையில் மத வரி வெறுமையாக இருக்கும். முஸ்லிம் அல்லாத யாருக்கும் முகப்பில் மதம் அச்சாவதில்லை.

அட்டையோடு நின்றுவிடாதீர்கள். சேமநிதி, வங்கி, காப்புறுதி, மருத்துவமனைப் பதிவு எல்லாவற்றிலும் பழைய விவரம் அப்படியே கிடக்கும். 2005 டிசம்பரில் எவரெஸ்ட் வீரர் மூர்த்தி இறந்தபோது மனைவி இந்து முறைப்படி தகனம் செய்யக் கேட்டும் ஷரியா உத்தரவின்படி முஸ்லிமாகவே அடக்கம் செய்தார்கள். உத்தரவின் முத்திரையிட்ட நகல்கள் சிலவற்றை வாங்கி, ஒன்றைக் குடும்பத்தில் நம்பிக்கையான இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். மறுமணம் செய்ய நினைப்பவர்கள் புது அட்டை வந்த பிறகே 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிய விண்ணப்பியுங்கள். அந்தச் சட்டம் முஸ்லிம்களுக்குப் பொருந்தாது என்பதால் பழைய அட்டையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிள்ளையின் மதம் இந்த உத்தரவால் மாறாது. தங்கையின் மகன் பிறப்புப் பத்திரத்தில் முஸ்லிம்தான், பள்ளியில் இஸ்லாமியக் கல்வி வகுப்புக்குத்தான் போகிறான். அது தனி வழக்கு. அதற்கான வக்கீலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.