தண்டவாளத்துக்குப் பக்கத்து வீடு

மார்ச் 2
குடிவந்ததிலிருந்து எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "பழகிடும்." பகலில் ஓடும் பயணிகள் வண்டிகள் நிஜமாகவே பழகிவிட்டன. கூட்ஸ் வண்டி கதையே வேறு. காதில் விழும் முன்பே கட்டிலில் தெரிகிறது.

மார்ச் 5
ராத்திரி இரண்டே காலுக்கு ஒரு கூட்ஸ். முதலில் அலமாரியின் கண்ணாடிக் கதவு 'கிர்ர்' என்றது, அப்புறம்தான் வண்டிச் சத்தம். எழுந்து கதவிடுக்கில் ஒரு அட்டையை நாலாக மடித்துச் செருகினேன். அடுத்த வண்டிக்குக் கதவு வாயே திறக்கவில்லை. தரை அப்படியேதான் அதிர்ந்தது, ஆனால் பாதி எரிச்சல் போய்விட்டது.

மார்ச் 9
ஜன்னலை இறுக்கி மூடினால் சத்தம் குறைகிறது, அதிர்வு கூடினதுபோல் இருக்கிறது. கூடவில்லை, மறைக்கச் சத்தம் இல்லாததால் அதுமட்டும் தனியாகத் தெரிகிறது. சத்தம் காற்று வழியே வருவது, அதிர்வு மண் வழியே வருவது. பிரேக் பிடித்துச் சறுக்கிய சக்கரத்தில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தில் ஓர் அடி விழும். தண்டவாள இணைப்புகளிலும் அதே கதைதான். அந்த அடி ஜல்லி, மண், அஸ்திவாரம் என்று ஏறி வருகிறது. மண் இளகலாக இருந்தால் இன்னும் தூரம் போகும். மாடியில் தளத்தின் நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். என் கட்டில் சரியாக அங்கேதான் கிடந்தது. சுவரோரம் தள்ளிவிட்டேன். கொஞ்சம் தேவலை.

மார்ச் 14
அம்மாவுக்கு விரிசல் பயம். வினாடிக்கு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வேகத்தில் தரை அசைந்தாலே நமக்குத் தெரிந்துவிடும். சாதாரண வீடுகள் சேதமாகாமல் இருக்க ஜெர்மன் தரநிலை டிஐஎன் 4150 தாழ்ந்த அதிர்வெண்ணில் வைத்திருக்கும் வரம்பு வினாடிக்கு 5 மில்லிமீட்டர். சுவருக்கு உறைக்காதது நமக்கு உறைக்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "சரி, தூக்கம் போறதுக்கு என்ன வரம்பு?" என்றார். நல்ல கேள்வி.

மார்ச் 20
வண்டிகளைப் பற்றி நான் கொடுத்திருந்த புகாருக்குப் பதில் வந்திருக்கிறது: இரைச்சல் சராசரி வரம்புக்குள்தானாம். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பாவுக்குச் சொன்ன அளவுகளும் சராசரிகள்தான்: ரயில் இரைச்சல் நாள் முழுவதுக்குமாக 54 டெசிபெல், இரவுக்கு மட்டும் 44. ஆனால் என்னை எழுப்புவது சராசரி இல்லை, அந்த ஒரு வண்டி. அதிர்வைப் பற்றிப் பதிலில் ஒரு வரிகூட இல்லை.

பழகும் என்பது பாதி உண்மை. நாளாக நாளாக விழிப்பது குறையும், இதயம் அவ்வளவாகப் பழகாது. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஆட்களைத் தூங்கவைத்து, கூட்ஸ் வண்டியின் சத்தத்தையும் அதிர்வையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதிர்வு கூடியபோது தூக்கத்திலேயே இதயத்துடிப்பும் கூடியது. காலையில் "நல்லா தூங்கினேன்" என்று நாம் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவில்லை.

மார்ச் 27
தடுப்புச் சுவர் கட்டலாம் என்கிறார்கள். சத்தத்துக்கு உதவும். மண்ணுக்குள் வருவதை அது நிறுத்தாது. தண்டவாளத்தைத் தேய்த்துச் சமப்படுத்துவது, தட்டையான சக்கரத்தைக் கடைந்து சரிசெய்வது, வார்ப்பிரும்பு பிரேக் கட்டைகளை மாற்றுவது, தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைக்கு அடியில் ரப்பர் மெத்தை வைப்பது எல்லாம் பிறக்கிற இடத்திலேயே பிடிக்கிற வேலைகள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஓர் இணைப்பு இருக்கிறது. ஒவ்வொரு சக்கரமும் அதில் 'டக்' என்கிறது. மறு மனுவில் சுவர் வேண்டாம் என்று எழுதவில்லை. முதலில் அந்த இணைப்பைப் பாருங்கள், கூட்ஸ் போகும்போது வீட்டுக்குள் வந்து அளந்து பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன்.